சிங்கிளா, டபுளா, டிரிப்பிளா, ஹோம் ரன்னா: எது கஷ்டம்?

2016 மே 7. சான் டியேகோ, பெட்கோ பார்க் மைதானம். நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து போடுபவர், பார்டோலோ கோலோன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். வயது 42. அணிப் பட்டியலில் போட்டிருந்த எடை 285 பவுண்டு, நம் கணக்கில் 129 கிலோ. பந்து போடுவதில் கில்லாடி, பேட்டிங்கில் சுத்த சைபர். அவர் மட்டையைச் சுழற்றினால் பந்து போகிறதோ இல்லையோ, ஹெல்மெட் கழன்று விழும். அதைப் பார்க்கவென்றே ஜனங்கள் காத்திருப்பார்கள். அன்றைக்கு ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் போட்ட பந்து வசமாக மாட்டியது. லெஃப்ட் ஃபீல்டு வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸையும் சுற்றி வர கோலோனுக்கு 30 நொடிக்கு மேல் ஆனது. வந்து பார்த்தால் டக்அவுட்டில் ஆளே இல்லை. கூட ஆடுபவர்கள் எல்லாரும் விளையாட்டுக்காக உள்ளே போய் ஒளிந்துகொண்டிருந்தார்கள். வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் முதல் ஹோம் ரன்னை இத்தனை வயதில் அடித்தவர் வேறு யாரும் கிடையாது.

அதே கோலோன் 20 வருஷத்துக்கு மேல் ஆடியிருக்கிறார். ஒரு டிரிப்பிள் அடித்ததில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது இடிக்கும். ஒரு ரன் சுலபம், இரண்டு அதைவிடக் கஷ்டம், சிக்ஸர் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்றுதான் மனசு வரிசை போடும். பேஸ்பாலிலும் சிங்கிள், டபுள், டிரிப்பிள், ஹோம் ரன் என்று ஏணிப்படி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் பேஸ் வரை ஓடினால் சிங்கிள், இரண்டாவது வரை டபுள், மூன்றாவது வரை டிரிப்பிள், சுற்றி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஹோம் ரன். ஆனால் கஷ்டத்தின் ஏணி இந்த வரிசையில் இல்லை.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். 2019 சீசன் ஹோம் ரன்கள் கொட்டிய சீசன். மேஜர் லீகில் அந்த ஒரு வருஷத்தில் 6,776 ஹோம் ரன். அதே வருஷம் டபுள் 8,500 சொச்சம், சிங்கிள் கிட்டத்தட்ட 26,000. டிரிப்பிள்? 785. பேட்டர்கள் மட்டையோடு வந்து நின்றது ஏறக்குறைய 1 லட்சத்து 86 ஆயிரம் தடவை. வகுத்துப் பார்த்தால், ஏழு தடவைக்கு ஒரு சிங்கிள், 22 தடவைக்கு ஒரு டபுள், 27 அல்லது 28 தடவைக்கு ஒரு ஹோம் ரன், 240 தடவைக்கு ஒரு டிரிப்பிள். டபுளும் ஹோம் ரன்னும் பக்கத்துப் பக்கத்து வீடு. டிரிப்பிள் ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறது.

கிரிக்கெட்டிலும் யோசித்துப் பார்த்தால் இதேதான். டி20 ஆட்டத்தில் நாலும் ஆறும் பறக்கும், ஓடியே மூன்று எடுப்பதைத் தேட வேண்டும். வேலி கிட்டத்தில் இருக்கிறது, ஃபீல்டர்கள் வேகமாக இருக்கிறார்கள். மூன்று ரன்னுக்கு நடுவில் இடமே இல்லை.

சரி, அரிதானதுதான் கஷ்டமானது என்று இங்கேயே முடித்துவிடலாமா? என்னால் முடியவில்லை. கஷ்டம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எத்தனை தடவைக்கு ஒரு முறை நடக்கிறது என்பது ஒன்று. எத்தனை பேரால் முடியும் என்பது இன்னொன்று. வேண்டும் என்று நினைத்தபோது அடிக்க முடியுமா என்பது மூன்றாவது. ஆட்டத்தில் நிற்கிறவனுக்கு உதவுவது இந்த மூன்றாவது கேள்விதான்.

சிங்கிளில் தொடங்குகிறேன், அதைத்தான் எல்லாரும் மட்டமாகப் பேசுகிறார்கள்.

பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம், 18.44 மீட்டர். மணிக்கு 95 மைல், அதாவது 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.4 நொடிக்குள் வந்துவிடும். மட்டை உருண்டை, அதன் தடித்த பாகமே 2.61 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பந்தும் உருண்டை. உருண்டையை உருண்டையால் நடுவில் இடிக்க வேண்டும். ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு முந்தினாலோ பிந்தினாலோ பந்து கோட்டுக்கு வெளியே ஃபவுலாகப் போய்விடும். நம் ஆட்டத்தில் நல்ல பந்து வந்தால் தடுத்து ஆடலாம், விட்டுவிடலாம், மட்டையைக் கட்டிக்கொண்டு நாள் பூராவும் நிற்கலாம். பேஸ்பாலில் அந்த வசதி இல்லை. நல்ல பந்தை விட்டாலோ, சுழற்றித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக், வெளியே போ. பந்து கோட்டுக்குள் உருண்டால் ஓடியே ஆக வேண்டும். ‘வேண்டாம், நில்’ என்று கை காட்ட எதிரே ஆளும் இல்லை.

அதனால்தான் பத்துக்கு மூன்று தடவை ஹிட் அடித்தால் அவர் பெரிய ஆட்டக்காரர். 2019ல் மொத்த ஹிட் 42,039, ஸ்ட்ரைக் அவுட் 42,823. நாலு வகை ஹிட்டையும் கூட்டினாலும் ஸ்ட்ரைக் அவுட்டைத் தொடவில்லை.

சிங்கிளை ஒரு கலையாகவே வைத்திருந்தவர்கள் உண்டு. பீட் ரோஸ் அடித்த 4,256 ஹிட்டில் 3,215 சிங்கிள். இச்சிரோ சுசுகி 2004ல் ஒரே சீசனில் 262 ஹிட் அடித்துச் சாதனை படைத்தார், அதில் 225 சிங்கிள். இச்சிரோ இடக்கைப் பேட்டர். வலக்கைக்காரரைவிட இடக்கைக்காரர் முதல் பேஸுக்கு ஓரிரு எட்டு பக்கத்தில் நிற்பார். அவர் பந்தை அடிக்கும்போதே உடம்பு ஓட ஆரம்பித்திருக்கும். பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) கையில் போய்ச் சேர்ந்து, அவர் நிமிர்ந்து எறிவதற்குள் இச்சிரோ பேஸைத் தாண்டியிருப்பார். முதல் பேஸ் 90 அடி, 27.4 மீட்டர். சாதாரண மேஜர் லீக் ஆட்டக்காரருக்கு 4.3 நொடி ஆகும் தூரம். அவருக்கு அரை நொடி குறைவு. அந்த அரை நொடியில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

ஆக சிங்கிளுக்குப் பல வாசல். வேகமாக அடித்த நேர் கோட்டுப் பந்தும் சிங்கிள், மட்டையின் பிடியில் பட்டு இன்ஃபீல்டுக்கும் அவுட்ஃபீல்டுக்கும் நடுவில் தொப்பென்று விழுந்ததும் சிங்கிள், மட்டையை நீட்டி மெதுவாகத் தட்டிவிட்ட பன்ட்டும் சிங்கிள். மோசமான அடிக்கும் பலன் கிடைக்கும் ஒரே ஹிட் இதுதான். ஸ்கோர் புத்தகத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் பதிவாகும்.

ஆனால் இன்றைக்கு எல்லாரும் சிங்கிள் அடிக்கத் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஜோயி காலோ என்று ஒருவர். 2019 மே மாதம் தன் 100வது ஹோம் ரன்னை அடித்தார். அன்றைக்கு வரை அவர் சிங்கிள் 93 தான். 100 சிங்கிளுக்கு முன்னால் 100 ஹோம் ரன் அடித்த முதல் ஆள். ‘ஒன்று எடுக்கத் தெரியாது, ஆறு மட்டும்தான் தெரியும்’ என்கிற மாதிரி. இடக்கைக்காரரான அவர் பந்தை இழுத்தடிப்பார் என்று தெரிந்து, ஃபீல்டர்கள் எல்லாரும் வலப்பக்கம் குவிந்து நிற்பார்கள். இடப்பக்கம் பொட்டல்காடு. அங்கே ஒரு பன்ட்டைத் தட்டிவிட்டு நடந்தே போகலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்து நானும் கத்தியிருக்கிறேன். மேல்மூலையில் 98 மைலில் வரும் பந்தைப் பன்ட் அடிப்பது எவ்வளவு பெரிய வித்தை என்பதும், இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பன்ட் ஃபவுலானால் அவுட் என்பதும் கத்தும்போது ஞாபகம் வராது. 2023ல் விதியே மாறிவிட்டது. இன்ஃபீல்டில் நிற்கும் நாலு பேரில் இரண்டாவது பேஸுக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் நிற்க வேண்டும்.

காலோவுக்கு நேர் எதிர் லூயிஸ் அராயஸ். 2022, 2023, 2024 மூன்று வருஷமும் மூன்று வேறு அணிகளுக்காக ஆடி, ஹிட் சராசரியில் முதலிடத்துக்கான பேட்டிங் பட்டம் வாங்கினார். 2024ல் 200 ஹிட், அதில் ஹோம் ரன் 4. பந்தை எங்கே ஆள் இல்லையோ அங்கே கொண்டுபோய் வைப்பார். மட்டையில் கரண்டி கட்டியிருக்கிறாரோ என்று தோன்றும். காலோ மாதிரி அடிக்கத் தேவையான உடம்பு உலகத்தில் கொஞ்சம் பேருக்குத்தான் இருக்கிறது. அராயஸ் மாதிரி அடிக்கத் தேவையான கண்ணும் கையும் அதைவிடக் குறைவான பேருக்குத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் எண் எதுவும் இல்லை.

அப்புறம் ஹோம் ரன். இதற்கு வாசல் ஒன்றுதான், அதுவும் குறுகல். 2015 முதல் எல்லா மைதானத்திலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கின்றன. மட்டையிலிருந்து மணிக்கு 98 மைல் வேகத்தில் கிளம்பும் பந்து 26 முதல் 30 டிகிரி வரை மேல்நோக்கிப் போனால் அதற்கு ‘பேரல்’ என்று பெயர், முதல் தரமான அடி. அதே வேகத்தில் 5 டிகிரியில் போனால் தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப் காலடிக்குப் போகும். 50 டிகிரியில் போனால் வானத்தைப் பார்த்துக் கிளம்பி அவுட்ஃபீல்டர் கையில் இறங்கும். வேகம் கூடக் கூட இந்தக் கோணத்தின் ஜன்னல் அகலமாகும், பலசாலிகளுக்கு அதுதான் லாபம். டுவேன் கைப்பரைப் போன்றவர்களுக்கு அந்த ஜன்னல் அனேகமாகத் திறப்பதே இல்லை. அவர் மேஜர் லீகில் 3,379 அட்-பேட் (மட்டை பிடித்த முறை) ஆடி அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன், 1977ல்.

ஆனால் ஹோம் ரன்னில் ஒரு நியாயம் இருக்கிறது. பந்து வேலியைத் தாண்டிவிட்டால் ஃபீல்டர் தயவு வேண்டாம், கால் வேகம் வேண்டாம். அடித்தவனுக்கும் பந்துக்கும் நடுவில் முடிந்துபோகிற விவகாரம். கோலோன் 30 நொடி எடுத்துக்கொண்டு வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மார்க் மெக்வயர் மொத்தம் 583 ஹோம் ரன் அடித்தார், டிரிப்பிள் 6. ஆல்பர்ட் புஹோல்ஸ் 703 ஹோம் ரன், 686 டபுள், 16 டிரிப்பிள். பலம் எங்கே முடிந்து கால் எங்கே தொடங்குகிறது என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

‘வேலி’ என்கிறேனே, அந்த வேலியே ஊருக்கு ஊர் வேறு. இது கிரிக்கெட்டைவிட ரொம்ப மோசம். 1954 செப்டம்பர் 29, மேஜர் லீக் பட்டத்துக்கான உலகத் தொடரின் முதல் ஆட்டம், நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். அந்த மைதானம் குளியல் தொட்டி வடிவம். நடுவில் அதல பாதாளம், இரண்டு ஓரத்திலும் வேலி கூப்பிடு தூரம். கிளீவ்லண்ட் அணியின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்து 420 அடி அளவுக்குப் போனது. நியூயார்க் ஜயன்ட்ஸின் வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடி, தலைக்கு மேலே வந்த பந்தைத் தோளுக்கு முன்னால் பிடித்தார். அவுட். அதே ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் 10வது இன்னிங்ஸ். ஜயன்ட்ஸின் டஸ்டி ரோட்ஸ் வலது ஓரமாகத் தூக்கியடித்த பந்து 260 அடியை ஒட்டிப் போய் வேலிக்கு மேலே விழுந்தது. மூன்று ரன், ஆட்டம் முடிந்தது. 420 அடி அவுட், 260 அடி ஹோம் ரன். இதில் கஷ்டமான அடி எது என்று வெர்ட்ஸைத்தான் கேட்க வேண்டும்.

டபுளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல அடி, நிதானமான ஓட்டம், பெரும்பாலும் அவ்வளவுதான். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர் நிற்கிறது. மற்ற ஊரில் ஹோம் ரன்னாகப் போக வேண்டிய பந்தும் மற்ற ஊரில் கேட்சாக வேண்டிய பந்தும் அந்தச் சுவரில் மோதி டபுளாகிவிடும். ஒரு சீசனில் அதிக டபுள் அடித்த சாதனை அந்த ஊர் ஆட்டக்காரர் ஏர்ல் வெப்பிடம்தான், 1931ல் 67. 2023ல் ஃப்ரெடி ஃப்ரீமன் 59 வரை வந்தார், எட்டவில்லை. ஒரு வருஷத்து ஹோம் ரன் சாதனையைப் பற்றி ஊரே பேசும். வெப்பின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி டிரிப்பிள்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரிப்பிளை ‘அடிக்க’ முடியாது. மட்டை கொடுப்பது டபுளைத்தான்; மூன்றாவது பேஸைக் கால் வாங்கித் தர வேண்டும். அதுவும் பந்து சரியான இடத்தில் போய் விழுந்திருந்தால். இடது மூலையில் விழுந்தால் பிரயோஜனமில்லை, மூன்றாவது பேஸ் அங்கிருந்து பக்கம். ஒரே எறியில் வந்துவிடும். வலது மூலையில் போய் விழ வேண்டும், அல்லது ரைட் ஃபீல்டருக்கும் சென்டர் ஃபீல்டருக்கும் நடுவில் பிளந்துகொண்டு வேலி வரை உருள வேண்டும். அங்கிருந்து மூன்றாவது பேஸுக்கு எறிவதுதான் மைதானத்திலேயே நீளமான எறி. ஃபீல்டர் கால் வழுக்கினாலோ, பந்து வேலியில் எசகுபிசகாகத் துள்ளினாலோ இன்னும் நல்லது. அதற்குள் ஓட்டக்காரர் 270 அடி, 82 மீட்டர், இரண்டு மூலை திரும்பி ஓடியிருக்க வேண்டும்.

சரித்திரத்தைப் பார்த்தால் டிரிப்பிள் ஒரு காலத்தில் சாதாரணம். சாம் கிராஃபோர்ட் 309 அடித்தார், டை காப் 300ஐ நெருங்கினார். 1912ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஓவன் வில்சன் ஒரே சீசனில் 36 டிரிப்பிள் அடித்தார். நூறு வருஷம் தாண்டியும் யாரும் கிட்டேகூடப் போகவில்லை. காரணம் அவர்கள் கால் மட்டுமில்லை. அன்றைக்குப் பந்து செத்த பந்து, ஆட்டம் முழுக்க அதையே போட்டு அடிப்பார்கள், பஞ்சாகிப்போகும். வேலியைத் தாண்டாது. மைதானமோ பரந்து கிடக்கும். பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் நடு வேலிக்கு 450 அடிக்கு மேல். தாண்ட முடியாத பந்து உருண்டுகொண்டே போகும், ஆள் ஓடிக்கொண்டே இருப்பார். 1909ல் காப், மேஜர் லீகின் இரண்டு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர்: 9. ஒன்பதும் பந்து மைதானத்துக்குள் கிடக்கும்போதே ஓடி எடுத்தவை.

பிற்பாடு பந்துக்கு உயிர் வந்தது, வேலி கிட்டத்தில் வந்தது. பழைய டிரிப்பிள்கள் கொஞ்சம் ஹோம் ரன்னாகவும் மிச்சம் டபுளாகவும் பிரிந்துபோயின. இப்போது ஒரு சீசனில் 20 டிரிப்பிள் என்பது அதிசயம். 2007ல் அது இரண்டு முறை நடந்தது: டெட்ராய்ட்டின் கர்டிஸ் கிராண்டர்சன் 23, ஃபிலடெல்ஃபியாவின் ஜிம்மி ராலின்ஸ் 20. சான் ஃபிரான்சிஸ்கோ மைதானத்தில் வலப்பக்கம் வேலி தூரமாகப் போகும் இடத்துக்கு ‘டிரிப்பிள் சந்து’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மைல் உயரத்தில் இருக்கும் டென்வரில் பந்து தூரம் போகிறது என்பதற்காக வேலியைத் தள்ளிப் போட்டார்கள். அதனால் அவுட்ஃபீல்டு அகண்டு, டிரிப்பிளும் அங்கே தாராளமாகிவிட்டது.

ஆக, மூன்றாவது பேஸ் வரை ஓடலாமா என்ற முடிவில்தான் டிரிப்பிளின் கஷ்டம் இருக்கிறது. இரண்டாவது பேஸை நெருங்கும்போது ஓட்டக்காரருக்குப் பந்து முதுகுக்குப் பின்னால். அவர் பார்ப்பது மூன்றாவது பேஸ் பக்கம் நிற்கும் கோச்சின் கையை. கை சுற்றினால் ஓடு, இரண்டு உள்ளங்கையும் தெரிந்தால் நில். ‘முதல் அவுட்டையும் மூன்றாவது அவுட்டையும் மூன்றாவது பேஸில் கொடுக்காதே’ என்று இந்த ஆட்டத்தில் ஒரு பழமொழி உண்டு. பழமொழி சரியா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

யாரும் அவுட்டாகாத நிலையில் இரண்டாவது பேஸில் ஓர் ஆள் நின்றால், அந்த இன்னிங்ஸில் (மூன்று அவுட்டோடு அது முடிந்துவிடும்) ஒரு ரன்னாவது வர வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 62. மூன்றாவதில் நின்றால் 84. ஓடிப் போய் அவுட்டானால் 16. அப்படியானால் நூற்றுக்கு 68 தடவையாவது பிழைப்போம் என்று தெரிந்தால்தான் ஓட வேண்டும். ஒரு அவுட் ஆகியிருந்தால் கதை மாறுகிறது. இரண்டாவதில் 40, மூன்றாவதில் 66. ஒரு சாதாரண உயரப் பந்தை அவுட்ஃபீல்டர் பிடித்தால்கூட மூன்றாவதிலிருப்பவர் ஓடி வந்துவிடலாம், ஹிட்டே தேவையில்லை. அவுட்டானால் 7. இங்கே 56 இருந்தாலே ஓடலாம். இரண்டு அவுட் ஆகியிருந்தால் இரண்டாவதில் 22, மூன்றாவதில் 27. இந்த அஞ்சுக்காக 22ஐப் பணயம் வைக்க 80க்கு மேல் நிச்சயம் வேண்டும். பழமொழி சொன்னவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை, ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

நியூ ஜெர்சியில் இருந்த காலத்தில் எங்கள் ஆபீஸ் சாஃப்ட்பால் அணியில் நானும் ஒரு ஓரமாக நிற்பேன். ஒரு சனிக்கிழமை என் வாழ்நாள் அடி வலது மூலையில் போய் விழுந்தது. இரண்டு அவுட் ஆகியிருந்தது என்பது இரண்டாவது பேஸைத் தாண்டும்போது எனக்குத் தெரியும். கோச்சாக நின்ற ஆள் செல்போனில் இருந்தார். மூன்றாவது பேஸுக்கு நாலடி முன்னால் பந்து பிடித்த கையுறை என் நெஞ்சில் தட்டியது, அவுட். அடுத்த ஆளாக மட்டையோடு காத்திருந்தவர் அணியிலேயே நன்றாக அடிப்பவர்; அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

லாபக் கணக்கிலும் டிரிப்பிளுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பல சீசன்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சிங்கிள் அணிக்குச் சராசரியாக அரை ரன் அளவு பெறும், டபுள் முக்கால், டிரிப்பிள் ஒன்று, ஹோம் ரன் 1.4. அதாவது 22 தடவைக்கு ஒன்று கிடைக்கும் டபுளுக்கும் 240 தடவைக்கு ஒன்று கிடைக்கும் டிரிப்பிளுக்கும் நடுவே கால் ரன்தான் வித்தியாசம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கி, இரண்டு அவுட் ஆகி, பேஸில் யாரும் இல்லாதபோது வந்து நிற்கும் பேட்டர் எதற்குக் குறி வைக்க வேண்டும்? அந்த நிலையிலிருந்து ரன் வருவதே நூற்றுக்கு ஏழு தடவைதான். அதில் பாதிக்குப் பக்கம் அந்த ஒரே ஆளின் ஹோம் ரன்னால் வருவது. மூன்று பேர் வரிசையாகச் சிங்கிள் அடிப்பார்கள் என்று நம்புவதைவிட மட்டையை முழுசாகச் சுழற்றுவதே மேல். அதே இன்னிங்ஸில் ஒரு அவுட்டோடு மூன்றாவது பேஸில் ஆள் நின்றால் காலோ தேவையில்லை, அராயஸ்தான் வேண்டும்.

நான்கையும் ஒரே ஆட்டத்தில் அடிப்பதற்கு ‘சைக்கிள்’ என்று பெயர். மேஜர் லீகின் ஒன்றரை நூற்றாண்டில் இது நடந்தது சுமார் 350 தடவைதான். பேப் ரூத் 714 ஹோம் ரன்னும் 136 டிரிப்பிளும் அடித்தவர், ஒரு சைக்கிள் இல்லை. வில்லி மேஸ், ஹாங்க் ஆரன், பாரி பாண்ட்ஸ் யாருக்கும் இல்லை. மூன்று முடித்துவிட்டு நான்காவதற்காக வந்து நிற்கும்போது எது பாக்கி இருந்தால் நல்லது என்று ரசிகர்கள் சண்டை போடுவதுண்டு. கணக்குப்படி சிங்கிள் பாக்கி இருக்க வேண்டும், ஏழுக்கு ஒன்று. 2019 ஜூன் 13 அன்று ஷோஹேய் ஒட்டானிக்கு அப்படித்தான் அமைந்தது. முதல் இன்னிங்ஸில் ஹோம் ரன், மூன்றாவதில் டபுள், ஐந்தாவதில் டிரிப்பிள், ஏழாவதில் ஒரு சிங்கிள். ஜப்பானில் பிறந்தவர்களில் மேஜர் லீகில் சைக்கிள் முடித்த முதல் ஆள். டிரிப்பிளை ஐந்தாவதிலேயே முடித்தவருக்கு மீதி நிம்மதி.

என் வரிசையைக் கேட்டால் இதுதான். கிடைப்பதற்கு அரிது டிரிப்பிள், சந்தேகமே இல்லை. அடிப்பதற்குக் கஷ்டம் ஹோம் ரன். மட்டை மட்டும் செய்ய வேண்டிய வேலையில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேண்டும் என்று நினைத்த நேரத்தில் அடிக்கக் கஷ்டம் எது என்றால், நாலுமே கஷ்டம், ஆனால் டிரிப்பிளை அந்தப் பேச்சிலேயே சேர்க்கக் கூடாது. அதைத் திட்டம் போட்டு அடித்தவர் யாரும் இல்லை. வேலி தாண்டாமல் ஓடியே எடுக்கும் ஹோம் ரன் ஐந்தாவது வகை. டிரிப்பிளின் எல்லாக் கஷ்டமும் அதில் உண்டு, மேலே இன்னொரு 90 அடியும் உண்டு. கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

1956 ஜூலை 25, ஃபோர்ப்ஸ் ஃபீல்டு. சிகாகோ கப்ஸ் 8, பிட்ஸ்பர்க் 5. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, மூன்று பேஸிலும் ஆள், யாரும் அவுட் இல்லை. ஜிம் பிராஸ்னன் புதிதாகப் பந்து போட வருகிறார். முதல் பந்தையே 21 வயது ரொபெர்ட்டோ கிளெமெண்டே லெஃப்ட் ஃபீல்டு பக்கம் சாத்துகிறார். மூன்று பேரும் வந்துவிட்டார்கள், 8-8. மூன்றாவது பேஸ் பக்கம் மேனேஜர் பாபி பிராகனே நின்று இரண்டு கையையும் தூக்கி ‘நில்’ என்கிறார். அவர் கணக்கு சரி. யாரும் அவுட்டாகாமல் மூன்றாவதில் ஆள் நின்றால் நூற்றுக்கு 84. கிளெமெண்டே அந்தக் கையைப் பார்க்காதவர்போல ஓடினார். பந்து உள்ளே எறியப்பட்டு வந்துகொண்டிருந்தது. சறுக்கி விழுந்தார், பிளேட்டைத் தவறவிட்டார், பிறகு திரும்பிக் கையை நீட்டி அதைத் தொட்டார்.